வாசிக்க நின்றவர், பேச உட்கார்ந்தவர்

"மூணாவது ஆள் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லையாக்கும். கேட்டயோ பொன்னு?"

பூப்பாறை தாண்டிய வளைவில் கார் ஒரு பக்கமும் என் வயிறு இன்னொரு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் என் முதலாளி இப்படிக் கேட்டார்.

"எந்த மூணாவது ஆளுங்க சார்? வாத்தியாரத் தள்ளிவிட்டது மூணு பேருன்னு அதுக்குள்ள முடிவே பண்ணிட்டீங்களா?"

"சுவிசேஷம் எழுதினது நாலு பேர். அதுல மூணாவது ஆளைச் சொல்றேன். ரோட்டைப் பாத்து ஓட்டு."

அவர் பெயர் யக்ஞநாராயணன். வீடு கல்பாத்தியில், ஆபீஸ் பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில். நான் பொன்னாத்தாள், பெருமாட்டிக்காரி. அவருக்கு அசிஸ்டென்ட், டிரைவர், காப்பி வாங்கி வருபவள், எல்லாம் நானே. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்களிடம், வெச்சவங்க உயிரோட இருந்தா நானே சண்டை போட்டிருப்பனுங்க என்று சொல்லிவிடுவேன். வாளையார் செக்போஸ்ட் வட்டாரத்தில் லாரியோடு காணாமல் போகும் சரக்கைத் தேடிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. போன ஆடியில் அதே ரோட்டில் என் தம்பி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைப்பதில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தடவை தேடியது சரக்கு இல்லை. சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் தனபால் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். தோட்டத்து ஜனங்களின் சின்ன ஜெபவீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் வாசித்து விளக்கம் சொல்வதும் அவர்தான். நாலு மாதத்துக்கு முந்தி, மழைக்கால ஞாயிறு ஒன்றில், ஜெபவீட்டுக்குப் பின்னாலுள்ள பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனார். தானாகக் குதித்துவிட்டார் என்று போலீஸ் கேஸை மூடிவிட்டது. தற்கொலை என்றதும் சபைக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தரவில்லை, எல்லைக்கு வெளியே புதைத்தார்கள். இப்போது அந்த எல்லையில் சுவர் வைக்கப் போகிறார்களாம். அவர் மனைவி செல்வப்பிரியா போனில் எங்களைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவர் தானாகப் போனாரா, இல்லையா?

வாத்தியார் ஜெபவீட்டில் பேசியதையெல்லாம் யாரோ போனில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். செல்வப்பிரியா அனுப்பிய அந்தப் பேச்சுகளைத்தான் சார் உடுமலையிலிருந்து காதில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த மூணாவது ஆள் என்ன சொல்றார்னா, ஏசு சொந்த ஊர் ஜெப ஆலயத்துல எழுந்து நின்னு வாசிக்கறார். புஸ்தகத்தைப் பணியாள் கையில குடுத்துட்டு உக்காந்துண்டு பேசறார். கேட்டவாளுக்குக் கோபம் வந்துடறது. வெளியில இழுத்துண்டு போய், ஊர் இருக்கற மலை விளிம்புலேர்ந்து தள்ளப் பாக்கறா. அவர் கூட்டத்துக்கு நடுவுல பூந்து போயிடறார்."

"செரிங்க."

"வாத்தியார் சொல்றார், அந்த ஊர் ஒரு குழிவுல இருக்கு, சொன்ன மாதிரி விளிம்பு ஊரை ஒட்டி இல்லை. அதனால எழுதினவர் ஊரையே பாத்ததில்லைன்னு ஆராய்ச்சிக்காரா பல பேர் நினைக்கறா."

"அப்ப மொத்தமும் கட்டுக்கதைங்களா?"

"அதையும் வாத்தியார் ஒத்துக்கலை. வாசிக்கறச்சே நிக்கறது, போதிக்கறச்சே உக்கார்றது, இது யூதாளோட வழக்கத்துக்குப் பொருந்தறதாம். பழைய ஜெப ஆலயங்களைத் தோண்டினா சுவரைச் சுத்திக் கல்லுப் பெஞ்சுதான் இருக்காம். இடத்தைத் தப்பாச் சொன்ன அதே ஆள் உக்கார்ற வழக்கத்தைச் சரியாச் சொல்லிட்டார். இனி நாலாவது ஆள். ஏசுவை நம்பினவாளை ஜெப ஆலயத்துலேர்ந்து வெளியே தள்ளினான்னு எழுதறார். அது ரொம்பப் பின்னாடி வந்த சண்டையாம். தன் காலத்துச் சங்கதியைக் கொண்டுபோய் முந்தின காலத்துல வச்சுட்டார்னு பல பேர் சொல்றா." அவர் காதிலிருந்ததைக் கழற்றினார். "கதை சொல்றவன் தன் காலத்துச் சாமான் ஒண்ணைக் கதைக்குள்ள மறந்து வச்சுட்டுப் போயிடுவான். அதைத் தேடினாப் போறும்னு வாத்தியார் சொல்றார். நம்ம தொழிலுக்கு வரவேண்டிய மனுஷன்."

"நல்லவேளைங்க. வந்திருந்தா என் வேலை போயிருக்கும்."

தோட்டத்து கேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். வாட்ச்மேன் ஜோபி, மலையாளி, ஆபீசுக்குப் போன் போட்டு அனுமதி கேட்கப் போனான். கால் மரத்துப்போயிருந்ததால் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். நீல ஒயர் பின்னிய பழைய நாற்காலி. ஓரத்தில் மட்டும் மஞ்சள் ஒயர். உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து என்னைக் கொட்டப் பார்த்தது.

"சேச்சி, பார்த்து இரிக்கணும்!" ஜோபி ஓடிவந்தான். "மூணு கால்தான் அதோடது. ஒண்ணு நான் வச்ச கொய்யாக் கம்பு."

"என்னையக் கொட்டறதுக்குன்னே வெச்சிருக்கீங்க போல."

"சும்மா கிடைச்ச சாமான் சேச்சி, அதுக்கு இது போதும்."

கேட் திறந்தது.

செல்வப்பிரியா தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். உட்காருங்கள் என்றாள், டீ கொண்டுவந்தாள், டம்ளரை எங்கள் கையில் கொடுத்துவிட்டு அவள் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. அந்த மாதிரிக் கையை எனக்குத் தெரியும். என் தம்பி போன பிறகு என் அம்மாவுக்கும் அப்படித்தான், எதையாவது கொடுத்த பிறகு கையை எடுத்துக்கொள்ள மறந்துவிடுவாள்.

"எம்மக ஸ்கூலுக்குப் போயிருக்கா," என்றாள். "நம்மளப் புடிக்காமத்தான் அப்பா போயிட்டாரான்னு கேக்கா. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. அழுகையும் வரமாட்டேங்கு. நாளைக்கிக் காலையில ஜீப்பு. போடியில எங்கம்மா வீட்டுக்குப் போறேன். போறதுக்குள்ள தெரிஞ்சிட்டா அவகிட்டச் சொல்லிருவேன்."

"அன்னிக்கு நீ ஜெபவீட்டுக்குப் போகலையோம்மா?" என்றார் சார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். அவுக மட்டுந்தான் போனாக. மதியத்துக்குக் கஞ்சி வையின்னு சொல்லிட்டுப் போனாக." அவள் சுவரைப் பார்த்தாள். "அன்னைக்கி இருந்தவுகள்ள நாலு பேரு போலீஸ்ல பேசினாக. சபைக்குப் பெரியவரு மூப்பரும் இன்னும் மூணு பேரும். நாலு பேரு சொன்னதும் ஒண்ணுபோல இருந்துச்சு. ஒரு வார்த்தை கூடல, கொறையல."

சார் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. பெருமாட்டியில் ஒரு கிணற்றுத் தகராறுக்கு எங்கள் வீட்டில் நாலு பேரைச் சாட்சி கேட்டால் அஞ்சு கதை வரும்.

ஜெபவீடு ஏலத்தோட்டத்தின் உச்சியில் இருந்தது. தகரக் கூரை, வெள்ளைச் சுவர். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கொத்தனார்கள் நூல் பிடித்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நூலுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரே ஒரு மண்மேடு.

மூப்பர் ஏசுவடியான் எங்களுக்காகக் காத்திருந்தார். எழுபதை நெருங்கும் ஆள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மூன்றாம் தலைமுறை. பெரிய வேதப்புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. வாசலில் ஒரு பெஞ்சு இருந்தும் புத்தகத்தை அதில் வைக்கவில்லை.

"இதக் கொஞ்சம் புடிங்கம்மா. ரெண்டு கையாலயும்."

"கைக்கொழந்தையாட்ட இருக்குதுங்க," என்றேன்.

"கீழ வைக்கப்படாது. எங்க அப்பா காலத்துலருந்து சபை வழக்கம் இது. வாசிக்கிற மேசையில இருக்கணும், இல்லன்னா ஊழியக்காரன் கையில இருக்கணும். இங்க ஊழியக்காரன் நாந்தான்." பூட்டைத் திறந்துவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். "வாத்தியார் மட்டும் அப்பப்பப் பெஞ்சுல வச்சிருவாக. மூப்பரே, அதுக்கு ஒண்ணும் வலிக்காதும்பாக. எங்களுக்குத்தான் மனசு பதறும்."

உள்ளே மூன்று சுவரையும் ஒட்டிப் பெஞ்சுகள். நடுவில் வாசிக்கும் மேசை. அதன் பின்னால், எல்லோரும் பார்க்கும்படி ஒரு நாற்காலி. தேக்கு, அகலமான கைகள், பளபளப்பு. இந்த ஏற்பாடு எல்லாம் வாத்தியார் செய்தது என்றார் மூப்பர். நின்று வாசிக்க வேண்டும், புத்தகத்தை ஊழியக்காரரிடம் தர வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும். ஏசு இருந்த ஜெப ஆலயத்தில் எப்படியோ இங்கேயும் அப்படி.

"அன்னிக்கு என்ன நடந்தது?" என்றார் சார்.

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "வாத்தியார் எந்திரிச்சு நின்னு வாசிச்சாக. புஸ்தகத்த மூடி என் கையில குடுத்தாக. அந்தா, அந்த நாற்காலியில உக்காந்தாக. ரெண்டு கையையும் நாற்காலிக் கை மேல வச்சிக்கிட்டுப் பேசினாக. எல்லாரும் அவுகளையே பாத்துக்கிட்டு இருந்தோம். பேசப் பேச ஆளுகளுக்குக் கோவம் வந்துட்டு. பெறகு அவுக எந்திரிச்சி எங்க நடுவாலே நடந்து வெளிய போயிட்டாக. அம்புட்டுதான் எங்களுக்குத் தெரியும்."

சார் தேக்கு நாற்காலியின் பக்கத்தில் குனிந்தார். கையைத் தடவினார். அதில் மூக்கை வைத்து முகர்ந்தார். மூப்பருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"கொன்னுட்டாங்க சார்," என்றேன் காரில் ஏறியதும். "அந்தாளு சொன்னது நடந்த கதையே இல்லீங்க. நீங்க காருல சொன்ன கதை. நின்னாரு, வாசிச்சாரு, உக்காந்தாரு, கோவம் வந்துச்சு, நடுவால போயிட்டாரு."

"பரவாயில்லையே! அப்பறம்?"

"ஒண்ணே ஒண்ணத்தான் முழுங்கிட்டாங்க. வெளிய இழுத்துட்டுப் போயி மலை விளிம்புல நிறுத்தறது."

"சின்ன வயசுலேர்ந்து வேதத்துலயே ஊறினவா. நாலு பேர் கூடி ஒரு பொய் சொல்லணும்னாலும் அவாளுக்குத் தெரிஞ்ச கதையோட வழியிலதான் கால் போகும். நீ சொன்னது சரி, முழுங்கின இடத்துலதான் விஷயம் இருக்கு. ஆனா கொலைன்னு எப்படிச் சொல்றே? அந்தக் கதையில தள்ளப் பாத்தாளே ஒழிய, தள்ளலை."

"அப்ப என்னதானுங்க?"

"நாற்காலி. அதுல வார்னிஷ் வாசனை இன்னும் போகலை. நாலு மாசம் முந்தி செத்தவர் அந்த நாற்காலிக் கை மேல கையை எப்படி வச்சுண்டார்?"

நான் பிரேக்கை மிதித்தேன்.

"நாலாவது ஆள் பண்ணின அதே வேலையாக்கும்," என்றார் சார். "தன் காலத்துச் சாமானை முந்தின காலத்துல வச்சுட்டார் மூப்பர். வண்டியைத் திருப்பு. அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணும்."

செல்வப்பிரியா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெபவீட்டில் முன்பு எந்த நாற்காலி இருந்தது என்று சார் கேட்டார்.

"எங்க வீட்டு நாற்காலிதான். அவுகதான் தூக்கிட்டுப் போயிப் போட்டாக. கையெல்லாம் கெடையாது, சும்மா ஒயர் நாற்காலி. நாந்தான் பின்னுனேன். நீல ஒயர் பத்தல. கடைக்குப் போவ சோம்பேறிப்பட்டு ஓரத்துக்கு மஞ்சளப் போட்டு முடிச்சேன். அதுக்கு அவுக என்னயக் கேலி பண்ணிக்கிட்டே இருப்பாக."

நான் சார் பக்கம் திரும்பினேன்.

"சார்," என்றேன், "காலையில நான் அதுல உக்காந்தனுங்க."

கேட்டில் ஜோபி எங்களைப் பார்த்ததும் எழுந்தான். நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பினோம். அடியில் மஞ்சள் ஒயரின் முடிச்சு. ஒரு கால் கொய்யாக் கம்பு. மற்ற மூன்று கால்களிலும் பாறையில் உரசிய வெள்ளைக் கீறல்கள்.

"இது எங்க கிடைச்சது?"

"பள்ளத்துல சார். ஜெபவீட்டுப் பாறைக்கு நேர் கீழே, ஓடையில. மோட்டாருக்கு ஹோஸ் பார்க்கப் போனப்ப கிடந்தது. ஆரோ வேண்டாம்னு எறிஞ்சுட்டாங்கன்னு எடுத்தேன். வாத்தியார் மரிச்சதுக்கு அடுத்த வாரம்." அவன் முகம் மாறியது. "ஐயோ, இது அவரோடதா? நான் தினமும் இதுலல்லே இருந்தேன்!"

"பொன்னு, சாகப் போறவன் உக்கார நாற்காலி எடுத்துண்டு போவானோ?" என்றார் சார்.

"கொல்லப் போறவனும் எடுத்துட்டுப் போக மாட்டானுங்க."

"இப்பத்தான் நீ அசிஸ்டென்ட்."

நாற்காலியைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மறுபடி மேலே போனோம். மூப்பர் ஜெபவீட்டுக்குப் பின்னால் பாறையில் நின்றிருந்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். சரிவான பாறை, பாசி படர்ந்திருந்தது. வைத்ததுமே நாற்காலி விளிம்புப் பக்கம் மெல்ல நழுவியது. நான் எட்டிப் பிடித்தேன்.

அதைப் பார்த்ததும் மூப்பர் கீழே உட்கார்ந்துவிட்டார். அப்போதும் புத்தகம் மடியில்தான் இருந்தது, இரண்டு கையும் அதன் மேல்தான் இருந்தன.

"டவுன்லருந்து பெரிய பாஸ்டர் சொல்லியனுப்பினாக," என்று ஆரம்பித்தார். "சுவிசேஷத்துல இது சரி, இது பின்னால சேந்ததுன்னு வாத்தியார் பேசுதாகளாம். அவுகள வெளியேத்தணும். இனிமே அவுக பேச்சக் கேக்குதவனும் வெளிய. இல்லன்னா ஜெபவீட்டப் பூட்டிருவோம்னுட்டாக. அன்னைக்கி வாசிக்க அவுக எந்திரிக்கும்போதே நான் போயிக் கையப் புடிச்சேன். வாசலுக்கு வெளிய கொண்டு விட்டேன். நாந்தான் விட்டேன். அவுக கோவப்படல. சிரிச்சாக. நாலாவது ஆள் எழுதுனது பிற்காலத்துக் கதைன்னு சொன்னேன்ல மூப்பரே, எம்புட்டுப் பிற்காலம்னு இப்பத்தான் தெரியுதுன்னாக."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அது நல்ல கிண்டல்தான்.

"எல்லாரும் கலஞ்சு போயிட்டாக. அவுக பாறையில தனியா நின்னாக. எனக்கு மனசு கேக்கல. எங்க நாலு பேருக்குமே கேக்கல. அவுக பேசி ஏழெட்டு வருசமாக் கேட்டுப் பழகிட்டம்லா. நான் புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போனேன். எம் மச்சினன் நாற்காலியத் தூக்கிட்டு வந்தான். நீங்க வாசிங்க, நாங்க கேக்கோம்னோம். ஒரே மஞ்சு மூட்டம். நாங்க மேட்டுப் பக்கமாச் சுத்தி நின்னோம், அவுக நடுவுல நின்னு வாசிச்சாக. நல்லா வாசிச்சாக. மூடி எங்கிட்டத் தந்தாக. பேசுறதுக்கு உக்காந்தாக."

அவர் புத்தகத்தின் மேலிருந்த தன் கைகளைப் பார்த்தார்.

"நாற்காலியோட பின்னங்கால் வழுக்கிட்டு. அவுக எம் பக்கமாக் கைய நீட்டினாக. எட்டுற தூரந்தான். எங் கையில வேதம் இருந்துச்சு. ரெண்டு கையிலயும். கீழ போடப்படாதே, எங்க வைக்கன்னு பாத்தேன். பாறை பூரா ஈரம். எங்க வைக்கன்னு பாத்தேன்யா, அம்புட்டு நேரந்தான்."

நான் அந்தப் புத்தகத்தைக் காலையில் பிடித்திருந்தேன். அதன் கனம் இன்னும் என் கையில் இருப்பது போலத் தோன்றியது.

"அப்பறம் ஏன் மறைச்சேள்?" என்றார் சார். குரலில் கோபம் இல்லை.

"அவுக பேச்சக் கேட்டோம்னு தெரிஞ்சா எங்க நாலு குடும்பமும் சபைக்கு வெளிய. அதான் வெளிய போயிட்டாக, அதுக்கு மேல தெரியாதுன்னு சொன்னோம். குதிச்சாகன்னு நாங்க சொல்லல. போலீஸ்காரவுக சொன்னாக. பெறகு பாஸ்டர் அதத் தற்கொலைன்னு வேலிக்கு வெளிய பொதைக்கச் சொன்னாக. அதுக்கப்புறம் எப்படி வாயத் தொறக்க? நாற்காலி இல்லாதது தெரியக் கூடாதேன்னு போன மாசந்தான் புதுசா ஒண்ண வாங்கிப் போட்டோம்."

"அதாக்கும் உங்களைக் காட்டிக் குடுத்தது. போலீஸ்ல போய் இதை அப்படியே சொல்லிடுங்கோ. அதுக்கு முன்னாடி சொல்லவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு."

மூப்பர் எழுந்தார். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய், கொத்தனார்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் நூலைச் சுருட்டினார்கள். பிறகு அவரே காரில் ஏறிக்கொண்டார்.

செல்வப்பிரியா வாசலில் நின்றிருந்தாள். நான் நாற்காலியை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். குனிந்து, ஓரத்தில் பிரிந்து நின்ற மஞ்சள் ஒயர் நுனியை உள்ளே செருகினாள். மூப்பர் எல்லாவற்றையும் சொன்னார், எங்களிடம் சொன்ன அதே வரிசையில், கையைப் பிடித்து வெளியே விட்டதிலிருந்து கடைசி வரை. முடிந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"அப்ப அவுகளாப் போகல."

"இல்லம்மா. பேசத்தான் உக்காந்தாக."

"எம்மககிட்டச் சொல்லலாமா?"

"சொல்லும்மா. அவகிட்டயும் நானே வந்து சொல்லுதேன்."

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மூப்பரின் கையைப் பார்த்தாள். காரிலும் அவர் புத்தகத்தை மடியில் வைத்தபடிதான் வந்தார், இப்போதும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"அதக் கீழ போட்டிருக்கலாமேய்யா," என்றாள்.

அவள் குரல் ஏறவில்லை. டீ ஆறிப்போச்சே என்று சொல்வது போலச் சொன்னாள். மூப்பரால் அவளைப் பார்க்க முடியவில்லை. சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது பேசிச் சமாளிப்பது என் வேலை. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் தம்பி முகம்தான் வந்தது, அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தெளிவாக.

செல்வப்பிரியா நாற்காலியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள். நிலைப்படியில் நின்று மூப்பரிடம் இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்க விழுந்து, அந்தப் புஸ்தகம் அவுக கையில இருந்திருந்தா, அவுக கீழ போட்டிருப்பாக."